மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கணக்கு

அந்த ராணுவக் கல்லூரியில் கணக்கு நடத்திய மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் தாலாட்டு. பட்டப்பெயர் இல்லாத ஆசிரியரே எங்கள் கல்லூரியில் கிடையாது. எனக்கும் ஒன்று இருந்தது. அதை இங்கே சொல்வதாக இல்லை. நான் வரலாறு நடத்தினேன். என் வகுப்பு காலையில் முதல் மணி, அவருடையது மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. ஆசிரியர் அறையில் எங்கள் மேஜைகள் இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். அந்த அறையில் யார் எந்த மூலையில் என்ன பேசினாலும் என் காதில் விழும். பக்கத்து மேஜைக்காரர் பேசுவது மட்டும் விழாது. அத்தனை மெல்லிய குரல் அவருக்கு.

முதலில் அந்தப் பையன்களின் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

விடியும் முன் எக்காளம் ஊதுவார்கள். ஊதியதும் எழ வேண்டும் என்பது சட்டம். ஆனால் எக்காளம் கேட்டு எழுந்தவன் என்று ஒருவனையும் நான் பார்த்ததில்லை. அதற்கு வெகு முன்பே எல்லோரும் எழுந்து சவரம் செய்துகொண்டும், பூட்ஸில் முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்துக்கொண்டும் இருப்பார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை கட்டில். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. போர்வையின் மூலை கத்தி வைத்து வெட்டியது போல மடிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு கட்டிலைத் தயார்செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் அதற்கெல்லாம் நேரம் ஏது? அதனால் பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வாரத் தொடக்கத்தில் ஒரு தடவை கட்டிலை ஒழுங்காகப் போட்டுவிடுவது. அப்புறம் வாரம் முழுக்க அதன் பக்கத்தில் தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வது. கட்டில் அதிகாரிகள் பார்ப்பதற்கு, தரை படுப்பதற்கு. நாட்டைக் காக்கப் போகிறவர்கள் ராத்திரியெல்லாம் கட்டிலைக் காத்துக்கொண்டு கிடந்தார்கள்.

அந்தத் தரையிலாவது நிம்மதியாகக் கிடந்தார்களா என்றால் அதுவும் இல்லை. மூத்த மாணவன் கூப்பிடுவான், காவல் முறை வரும், மறுநாள் பெல்ட்டின் பித்தளை மினுங்க வேண்டும். மொத்தத்தில் கோழித் தூக்கம். காலையில் ஓட்டம், அணிவகுப்பு, மைதானத்து வெயில். அதற்கப்புறம் வயிறு முட்டச் சாப்பாடு. சாப்பிட்ட கையோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து நுண்கணிதம் சொல்லிக்கொடுத்தால் எந்த மகாராஜன் விழித்துக்கொண்டிருப்பான்?

வகுப்பில் தூக்கம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு சட்டம் உண்டு. உட்கார்ந்தபடி தூங்கி மாட்டினால் வார விடுமுறை போச்சு. கண்ணைச் சொக்குகிறது என்று தெரிந்தால், யாரையும் கேட்காமல் அவனே எழுந்து பின்சுவரோரம் போய் நிற்க வேண்டும். நின்றால் தூக்கம் பறந்துவிடும் என்று சட்டம் எழுதியவர் நம்பியிருக்கிறார், பாவம். பையன்கள் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டார்கள். முதுகைச் சுவருக்குக் கொடுத்து, நோட்டை நெஞ்சோடு அணைத்து, முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டால் போதும். தலை பட்டுப் பட்டு அந்தச் சுவரில் ஆள் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு பட்டை ஓடும். வெள்ளையடித்த கொஞ்ச நாளிலேயே மறுபடியும் வந்துவிடும்.

முட்டைக்கண்ணன் என்று ஒருவன் மட்டும் எழுந்து போகவே மாட்டான். அவனுக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்க வரும். அந்தக் கல்லூரியில் அதைவிடப் பெரிய திறமை இல்லை. துப்பாக்கி சுடுவதில் பதக்கம் வாங்கியவன்கூட அவனைப் பார்த்து வயிறெரிவான்.

என் வகுப்பிலும் தூங்கப் பார்ப்பார்கள். நான் விட்டால்தானே? டஸ்டரால் மேஜையில் ஓங்கி அடிப்பேன். பேர் சொல்லிக் கத்துவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. மேடம் அதற்கு நேர்மாறு. பாதி வகுப்பு பின்சுவரில் நிற்கும், உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரின் தலை ஆடும், அவர் பாட்டுக்குக் கரும்பலகையைப் பார்த்து நடத்திக்கொண்டே போவார். குள்ளமான மனுஷி, பலகையின் மேல் பாதி அவருக்கு எட்டாது, அதனால் எப்போதும் கீழ்ப்பாதியில்தான் எழுத்து. யாராவது ஒருவன் தலை முழுசாகச் சாய்ந்துவிட்டால், இருக்கிற குரலையும் இன்னும் இறக்கிக்கொள்வார். இதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேன்.

"என்ன மேடம் இது? அவனுங்க தூங்கறானுங்க. நீங்க என்னடான்னா சத்தத்தைக் குறைக்கறீங்க?"

"தூங்கற பிள்ளைய எழுப்ப எனக்கு மனசு வர்றதில்ல சார்."

"அப்ப பாடம்?"

"போர்டுல எழுதிப் போட்டுடறேன். முழிச்சதும் பாத்து எழுதிக்கறாங்க."

"முழிச்சதும் அடுத்த பரேடுக்கு ஓடறான் மேடம். எங்கேருந்து எழுதறது?"

அவர் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் கிடையாது.

அந்தக் குரல் கல்லூரியில் வந்ததல்ல, வீட்டில் வந்தது. அவர் கணவருக்கு ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் இரவுப் பணி. ராத்திரி மோட்டார்களோடு விழித்திருந்துவிட்டு, விடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் பகல் முழுக்க ராத்திரி. அழைப்பு மணிக்குள் துணி அடைத்திருந்தது. தட்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு பழைய துணி. மிக்ஸியைக் குளியலறைக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு அரைப்பார்கள். ஒரு மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம்.

"அங்கிள், எங்க வீட்ல தும்மல் வந்தா தெருவுக்குப் போயி தும்மிட்டுத்தான் உள்ள வரணும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். சொன்னதும் வாசலில் நின்று, வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

கணவர் நல்ல மனிதர்தான். குடி கிடையாது, கோபம் கிடையாது. தூக்கம்தான் உண்டு. மேடம் கல்லூரியிலிருந்து திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் எழும்போது இவர் அடுப்படியில் நிற்பார். இவர் படுக்கும்போது அவர் வேலைக்குக் கிளம்பியிருப்பார். வீட்டில் ஒரு தூங்குகிற மனிதர், கல்லூரியில் ஒரு தூங்குகிற வகுப்பு. மேடம் பேசியதை விழித்துக்கொண்டு கேட்ட ஆட்கள் அவர் வாழ்க்கையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ரொம்பப் பேர் தேற மாட்டார்கள்.

அவர்கள் இருந்தது கல்லூரி வளாகத்தின் கடைசி வீடு, மைதானத்துக்கும் அப்பால். வண்டிச் சத்தம் கிடையாது, அக்கம்பக்கம் கிடையாது. பகலில் தூங்குகிற மனிதருக்கென்றே கட்டியது போன்ற வீடு. அது மேடத்தின் வேலையோடு வந்தது. வேலையோ நிரந்தரம் இல்லை. வருஷா வருஷம் முதல்வர் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இத்தனை காலம் யாரும் யோசிக்காமல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும், மகளின் பள்ளிக்கூடமும் மாறும். அதற்கெல்லாம் மேலே, கணக்கு சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு எதையும் செய்ய விரும்பாத ஆள் அவர். வேறு வேலையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

இந்த நிலையில்தான் புது முதல்வராக ஒரு கர்னல் வந்து சேர்ந்தார். நடந்தால் தரை அதிரும். ஒருநாள் மதியம் வராந்தாவில் போனவர் கணக்கு வகுப்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பெஞ்சுகளில் இருந்ததைவிடச் சுவரில் கூட்டம் அதிகம். உடனே கூப்பிட்டனுப்பினார். அங்கே நடந்த பேச்சை மேடமே என்னிடம் சொன்னார், அதுவும் நான் ரெண்டு தடவை "என்ன? என்ன?" என்று கேட்ட பிறகு.

"உங்க க்ளாஸ்ல மட்டும் ஏன் மேடம் இவ்வளவு தூக்கம்?"

"பசங்க ராத்திரி சரியா தூங்கறதில்ல சார்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"ராத்திரி தூங்கறதில்ல சார்."

"யார் சொன்னது? விளக்கு அணைச்சதுலேருந்து எக்காளம் வரைக்கும் தூங்கறதுக்குத்தானே நேரம் கொடுத்திருக்கோம்?"

"கொடுத்திருக்கீங்க சார். அவங்க தூங்கறாங்களான்னு யாராவது பாத்தீங்களா?"

மேடம் இப்படிக் கேட்டிருப்பார் என்று என்னால் நம்பவே முடியவில்லை. கர்னலும் நியாயமான மனுஷன்தான், சும்மா சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, பாத்துடுவோம்" என்றாராம்.

கல்லூரி டாக்டரிடம் பொறுப்பு போனது. தலைவலிக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கிற டாக்டர். ஆனால் இந்த வேலையில் அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. எங்கிருந்தோ கைக்கடிகாரம் மாதிரி பட்டைகளை வரவழைத்து, ஒவ்வொரு மாணவனின் மணிக்கட்டிலும் மாட்டிவிட்டார். கை அசைந்தால் விழிப்பு, அசையாமல் இருந்தால் தூக்கம் என்று அது எடுத்துக்கொள்ளுமாம். காலையில் ஒவ்வொருவனுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் காட்டும்.

இதுவரைக்கும் சரி. அப்புறம் டாக்டர் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். பையன்களுக்கு ஆர்வம் வரட்டும் என்று தினமும் அந்த மதிப்பெண்களை அணிவாரியாகக் கூட்டி, சாப்பாட்டுக் கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

அந்தப் பலகையில் அணிவாரியாக எதை ஒட்டினாலும் அது போட்டி. யார் முடி குட்டை, யார் பூட்ஸ் பளபளப்பு, எந்த அணி சீக்கிரம் சாப்பிட்டு எழுந்தது என்பதற்கெல்லாம் கோப்பை கொடுத்து வளர்த்த பிள்ளைகள் அவர்கள். தூக்கத்திலும் போட்டி வந்துவிட்டது என்று முடிவுகட்டிக் களத்தில் இறங்கினார்கள். இறங்கியவர்களில் முதல் ஆள் ஒட்டடைக்கம்பு. மேடத்தின் மதிய வகுப்பில் உட்கார்ந்தது ஒரே ஒரு அணி. அதன் தலைவன் இவன். நெடுநெடுவென்று வளர்ந்து, எந்த வாசலிலும் குனிந்து நுழைகிறவன், அணிக்கு ஒன்று என்றால் உயிரைக் கொடுப்பவன். மூன்றாம் நாளே ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டான். உண்மையாகத் தூங்குகிறவன் புரள்கிறான், கையைத் தூக்குகிறான், கொசுவை அடிக்கிறான், மதிப்பெண் குறைகிறது. விழித்துக்கொண்டு அசையாமல் கிடப்பவனுக்குத்தான் முழு மதிப்பெண்.

அவ்வளவுதான். அவன் அணி முழுக்கத் தரையில் துண்டின் மேல் அட்டென்ஷனில் படுத்தது. தூங்கிப் புரண்டுவிடுவோமோ என்று பயந்த ஒருவன் மணிக்கட்டை பூட்ஸ் கயிற்றால் கட்டில் காலோடு கட்டிக்கொண்டான். முறை வைத்து ஒருவன் உட்கார்ந்து, யார் அசைகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அசைந்தவனுக்கு விலாவில் ஒரு குத்து. மற்ற அணிகளும் மோப்பம் பிடித்து அதே வழிக்கு வந்தன. மொத்தக் கல்லூரியும் விடிய விடிய விழித்துக் கிடந்து, தூக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கியது.

எங்களுக்கு அப்போது இது எதுவும் தெரியாது. மதிய வகுப்பில் பின்சுவரில் இடம் போதாமல் பக்கச் சுவருக்கும் ஆட்கள் வந்ததைத்தான் பார்த்தோம்.

கர்னலுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நாட்டில் வேறு எந்த ராணுவக் கல்லூரியிலும் மாணவர்கள் இவ்வளவு நன்றாகத் தூங்குவதில்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. பாராட்டும் வந்தது. பிறகு மேடத்தைக் கூப்பிட்டார்.

"நீங்க கேட்டீங்க, நான் பாத்துட்டேன். பசங்க தூக்கம் பிரமாதம். அப்ப குறை எங்க இருக்கு மேடம்?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அடுத்த வாரம் உங்க க்ளாஸ்ல வந்து உக்காரப் போறேன். ஒருத்தன் தூங்கினாலும் சரி, ஒருத்தன் எழுந்து போய் சுவத்துல சாஞ்சாலும் சரி, நான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. கணக்கு தெரியாத அதிகாரி குண்டு எங்க விழும்னு தெரியாம சுடுவான்."

ஆசிரியர் அறைக்கு வந்து இதைச் சொன்னபோது மேடத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "அவருக்கு டவுன்ல தூக்கமே வராது சார்" என்றார். யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான் வாசலில் குனிந்து நுழைந்தான் ஒட்டடைக்கம்பு. விறைப்பாக ஒரு சல்யூட்.

"மேடம்! ஒரு சந்தேகம் மேடம்!"

"சொல்லுப்பா."

"தூக்கப் போட்டியில எங்க அணிதான் முதல் மேடம். கோப்பை எப்ப குடுப்பாங்க? டாக்டர் சார்கிட்ட கேட்டா சிரிக்கறார்."

"அது போட்டி இல்லப்பா. நீங்க எவ்வளவு தூங்கறீங்கன்னு பாக்கறதுக்கு."

பையனின் முகம் விழுந்துவிட்டது. "போட்டி இல்லையா? மேடம், நாங்க ரெண்டு வாரமா ஒருத்தரும் தூங்கல மேடம்!"

அடப்பாவிகளா என்று நான் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டேன். கயிறு, காவல், விலாக்குத்து எல்லாம் ஒன்றொன்றாக வெளியே வந்தன. ஒளிக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை, பெருமையாகச் சொன்னான். மேடத்தின் வேலைக்கு வந்த ஆபத்தை நான்தான் அவனிடம் போட்டு உடைத்தேன். மேடம் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் கேட்கிற ஆளா? அவன் சல்யூட் அடிக்கக்கூட மறந்து போய்விட்டான்.

நான் டாக்டரை இழுத்துக்கொண்டு கர்னலிடம் போனேன். டாக்டர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். கர்னல் முழுக்கக் கேட்டார். அப்புறம் அவர் சொன்னதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"ராத்திரி பூரா அசையாம படுக்கற ஒழுக்கம் இருக்கா இல்லையா அவனுங்களுக்கு?"

"இருக்கு சார்" என்றார் டாக்டர்.

"அப்ப பகல்ல ஒரு மணி நேரம் முழிச்சிட்டு உக்கார்ற ஒழுக்கம் எங்க போச்சு? அடுத்த வாரம் வர்றேன்னு சொன்னது சொன்னதுதான்."

அறிக்கை மேலிடத்துக்குப் போய்ப் பாராட்டும் வாங்கியாகிவிட்டது. அதைத் திரும்பப் பெற எந்தக் கர்னலுக்கு மனசு வரும்?

பையன்கள் தங்களுக்குள் கூடிப் பேசியிருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே தலைவலித் தைலம் தடவிக்கொள்வோம் என்றான் ஒருவன். குண்டூசி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவனைக் குத்துவோம் என்றான் இன்னொருவன். ஒட்டடைக்கம்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் கல்லூரியில் அதுவரை யாருக்கும் தோன்றாத ஒரு திட்டத்தைச் சொன்னான். கர்னல் வருவதற்கு முந்தின நாள் ராத்திரி எல்லோரும் தூங்கிவிடுவது. கட்டிலில். போர்வையைப் பிரித்து, உள்ளே நுழைந்து, எக்காளம் ஊதுகிற வரைக்கும். கட்டில் கலையும், பித்தளை மினுங்காது, சவரம் அரைகுறையாக இருக்கும், காலைச் சோதனையில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிவரும். வரட்டும் என்றார்கள்.

அப்படியே செய்தார்கள். அடித்துப் போட்டது போல் தூங்கினார்களாம். எக்காளம் கேட்டதும் அது என்ன சத்தம் என்று ஒருவன் கேட்டானாம். சோதனையில் மொத்த அணிக்கும் வார விடுமுறை ரத்தானது. ஊரிலிருந்து அம்மா பார்க்க வருவதாக இருந்த ஒருவன்கூட முணுமுணுக்கவில்லை.

மதியம் எனக்கு வகுப்பு இல்லை. வராந்தாவில் தூணோரம் நின்றேன். ஒளிந்து நின்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கர்னல் பின்சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் அவரைத் தவிர யாரும் இல்லை. அத்தனை பையன்களும் பெஞ்சில், முதுகு நிமிர்ந்து, கண் பளிச்சென்று. முட்டைக்கண்ணனின் கண்கூட அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது, சிமிட்டியது.

மேடம் உள்ளே வந்தார், நிமிர்ந்து பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். அத்தனை ஜோடிக் கண்கள் ஒரே சமயத்தில் தன்னைப் பார்ப்பதை அவர் பார்த்ததே இல்லை. சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. முதல் பெஞ்சுக்காரன் பாய்ந்து எடுத்துக் கொடுத்தான். அவர் பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய பாடத்தைத் தொடங்கினார். நல்ல பாடம்தான். முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து தயார் செய்தது எனக்குத் தெரியும்.

"சத்தமா" என்றார் கர்னல்.

மேடம் குரலை உயர்த்திப் பார்த்தார். பாதியில் கீறிக்கொண்டது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு எழுதிக்கொண்டே போனார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தப்பித்தார் என்றுதான் நான் நினைத்தேன். அப்போது முட்டைக்கண்ணன் கையைத் தூக்கினான்.

"மேடம்! ஒரு சந்தேகம் மேடம்! அந்தப் பாம்பு மாதிரி ஒரு குறி போடறீங்களே, அது என்ன மேடம்?"

தொகையீட்டுக் குறி. பருவம் தொடங்கியதிலிருந்து தினமும் அந்தப் பலகையில் அவர் போட்டுவந்த குறி. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. மற்றவனுக்குத் தெரிந்தால்தானே சிரிப்பதற்கு? எல்லோரும் அதே சந்தேகத்தோடு ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கர்னல் மட்டும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம் வந்து கேளு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாடம் ஓடிவிடும், மணி அடித்துவிடும், வேலை நின்றுவிடும். மேடத்துக்கும் அது தெரியும். கர்னலை ஒரு தடவை பார்த்தார். முட்டைக்கண்ணனைப் பார்த்தார். பிறகு டஸ்டரை எடுத்து, எழுதியிருந்தது அத்தனையையும் அழித்தார்.

"சரி, இதை எல்லாரும் கேளுங்க. ஒரு மைதானம் இருக்கு. ஒரு பக்கம் வேலி நேரா போகல, வளைஞ்சு வளைஞ்சு போகுது. அதோட பரப்பளவை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மேடம், ஆளை வரிசை வரிசையா நிக்க வச்சுட்டு எண்ணிடலாம்" என்றான் ஒட்டடைக்கம்பு.

"நிக்க வை. வேலி ஓரத்துல என்ன ஆகும்?"

"இடுக்குல இடம் மிச்சம் விழும் மேடம்."

"அப்ப?"

"ஒல்லியா இருக்கறவனை நிறுத்தணும் மேடம்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "அதைவிட ஒல்லியானவனை!" என்றது இன்னொன்று.

"ஆங், அதேதான்! ஒல்லியாக்கிட்டே போ! இன்னும் ஒல்லி, இன்னும் ஒல்லி! நிறுத்தாதே!" என்றார் மேடம்.

அந்தக் குரல் தூணுக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. வராந்தாவின் கோடியில் பெருக்கிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கைகள் உயர்ந்தவண்ணம் இருந்தன. போன மாதத்துப் பாடம், அதற்கும் முந்தின பாடம், முதல் நாள் பாடம் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எதையும் அவர் தள்ளவில்லை. பலகையின் மேல் பாதியில் எழுத ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறிக்கொண்டார். கர்னல் ஏதோ குறித்துக்கொண்டு நடுவிலேயே எழுந்து போனார். மேடம் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

இரண்டு நாளில் கர்னலின் முடிவு எழுத்தில் வந்தது. மாணவர்கள் அனைவரும் விழித்திருந்தனர். ஆனால் பருவம் முடியப்போகும் நேரத்தில் முதல் பாடமே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரைக்கும் எரிச்சல்.

அன்றைக்கு ஆசிரியர் அறையில் நான் குதிகுதியென்று குதித்தேன்.

"என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? அந்த முட்டைக்கண்ணன்கிட்ட அப்புறம் வாடான்னு ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! வேலையும் இருந்திருக்கும், வீடும் இருந்திருக்கும். கர்னல் இருக்கும்போதா முதல் பாடத்துலேருந்து ஆரம்பிப்பீங்க?"

மேடம் அழுதிருந்தார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் குரலில் அழுகை இல்லை.

"முழிச்சிட்டிருந்தான் சார்."

"அதுக்கு?"

"ஒருத்தன் முழிச்சிட்டு, என் முகத்தைப் பாத்துட்டு, எனக்குத் தெரியல சொல்லுங்கன்னு கேக்கறான். அவன்கிட்ட அப்புறம் வான்னு எப்படி சார் சொல்வேன்? அந்த அப்புறம் எனக்கு என்னைக்கு வந்திருக்கு?"

பருவம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. மதிய மணி அடித்தது. மேடம் சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.